திண்ணைக்குக் கதவு உண்டா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சமூக வலைத்தளம் ஒருவருடைய பதிவை நினைத்தபடி நீக்கலாமா என்பதே தலைப்பு; கூடாது என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரே கேள்வியில் கைதட்டல் வாங்கிவிட்டார்: "என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னையே திட்டுவான், நான் பொறுத்துக்கொள்ளணுமா? வலைத்தளமும் அப்படித்தான்!"

ஐயா, திண்ணை எதற்குக் கட்டினார்கள்? வழிப்போக்கன் உட்கார. அதனால்தான் கதவு திண்ணையைத் தாண்டி இருக்கிறது. கதவுக்கு உள்ளே உங்கள் ராஜ்ஜியம். கூடத்துக்குள் வந்து கூச்சல் போடுகிறவனை வெளியே அனுப்புங்கள், எங்கள் அணி குறுக்கே நிற்காது. திண்ணையைப் பற்றித்தான் பேச்சு.

சரி, ஊரே ஒருவருடைய திண்ணையானால்? அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், சிக்கசா என்று ஓர் ஊர். வீடு, தெரு, சாக்கடை, கடைவீதி எல்லாம் ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். காவலுக்கு நின்ற டெபுடி ஷெரீஃபுக்குச் சம்பளமும் கம்பெனிப் பணம். 1943-இல் கிரேஸ் மார்ஷ் என்ற பெண், தபால் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதையில் நின்று மதப் பிரசுரம் கொடுத்தார். "அனுமதிச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது" என்றார்கள். அடுத்த வாக்கியத்தைக் கவனியுங்கள்: "உனக்கு அனுமதிச் சீட்டு தரவும் மாட்டோம்!" சீட்டு வேண்டும், ஆனால் சீட்டு கிடையாது! நகர மறுத்தார், கைது, அத்துமீறி நுழைந்த குற்றம். நடந்து போக எல்லாரும் வரலாம், வாயைத் திறந்தால் அத்துமீறலாம்!

1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று அவர் பக்கம் நின்றது. தன் ஆதாயத்துக்காகச் சொத்தை ஊராருக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாயோ, அவ்வளவுக்கு உன் உரிமை சுருங்கும் என்று எழுதினார் நீதிபதி ஹியூகோ பிளாக். திண்ணை நியாயம்தானே ஐயா அது?

1976-இல் அதே நீதிமன்றம் பேரங்காடிக்கு இது பொருந்தாது என்றது, பின்னாளில் வலைத்தளங்களுக்கும் அங்கே இதை நீட்டவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1980-இல், மாநிலம் விரும்பினால் பேரங்காடியிலும் பேச உரிமை தரலாம் என்றதே, அதை ஏன் விழுங்கினீர்கள்?

நம் நாட்டுக்கு வாருங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக வலைத்தளம் தானே முடிவெடுத்து ஒரு பதிவை நீக்கினால், நீக்கும் முன்பே காரணம் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச இடம் தர வேண்டும். தளத்தின் குறைதீர் அலுவலர் தரும் பதிலில் திருப்தி இல்லையென்றால், அது வந்த 30 நாளுக்குள் அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதனால் பதிவின் இணைப்பு, திரைப்பிடிப்பு, அறிவிப்பு வந்த தேதி மூன்றையும் அன்றே எடுத்து வையுங்கள். பதிவு மறைந்த பிறகு இணைப்பைத் தேடினால் கிடைக்காது.

நடுவர் அவர்களே, பத்து வருடமாக ஒரு பெண் எழுதிவந்த வலைத்தளக் கணக்கு. இறந்துபோன அப்பாவின் படம் அதில்தான் இருக்கிறது, அவர் கடைசியாக அனுப்பிய வாழ்த்தும் அதில்தான். ஒரு காலையில் திறக்கவில்லை. "விதிமீறல்" என்று ஒற்றைச் சொல். எந்த வார்த்தை, எந்த விதி? கேட்க ஆளில்லை. அவள் இடம் கேட்கவில்லை ஐயா, காரணம் கேட்கிறாள்.