சிறையை நான்கு பக்கமிருந்தும் பார்த்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசியலில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு நீதிமன்றத்துக்குத் திரும்பியவர்கள் நம் நாட்டில் ஏராளம். பதவி போனதும் கறுப்பு அங்கியை மறுபடி மாட்டிக்கொள்வது அவர்களுக்குப் புதிதல்ல; அரசியலில் சேர்த்த பெயரே வழக்குகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அரசியலில் பெற்ற அனுபவத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, அதன் போக்கையே ஓரளவு திருப்பியவர்களோ மிகச் சிலர். அவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ஆர். கிருஷ்ண ஐயர். அவருடைய நீண்ட பொதுவாழ்வு முழுவதையும் இந்தச் சில நிமிடங்களுக்குள் சொல்லிவிட முடியாது என்பதால், சிறைச்சாலையோடு அவருக்கு இருந்த உறவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர் அவர். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தந்தையும் வழக்குரைஞர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1930களின் இறுதியில் மலபாரில் தொழிலைத் தொடங்கினார். தலைச்சேரி நீதிமன்றங்களில் அவரைத் தேடி வந்தவர்களில் குத்தகை விவசாயிகளும் தொழிற்சங்கத்தினரும் கம்யூனிஸ்டுகளும் அதிகம். ஜன்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்களுக்கு எதிராக விவசாயிகள் கிளர்ந்தெழுந்த வட மலபாரில் இத்தகைய வழக்குகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. 1948இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்கிறார் என்ற குற்றச்சாட்டின் பேரில் அவரையே பிடித்துக் கண்ணூர்ச் சிறையில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்தார்கள். அதுவரை கைதிகளின் சார்பில் வாதாடியவர், இப்போது தானே ஒரு கைதியாக, உள்ளேயிருந்து சிறையைப் பார்த்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1952 தேர்தலில், கூத்துபரம்பு தொகுதியிலிருந்து சுயேச்சையாக வென்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபின் 1957இல் தலைச்சேரியில் வென்று, இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கேரளக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இடம்பெற்றார். கட்சி உறுப்பினர் அல்லாத அவரிடம் சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எனப் பல துறைகள் வந்து சேர்ந்தன. கோவை மாவட்டத்து நேயர்கள் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளலாம். தமிழகமும் கேரளமும் ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான ஒப்பந்தம் 1970இல்தான் முறைப்படி கையெழுத்தானது என்றாலும், 1958 நவம்பரிலிருந்தே அது செல்லும் என்று அதில் எழுதப்பட்டுள்ளது; அந்த 1958இல் கேரளத்தின் நீர்ப்பாசன அமைச்சராக இருந்தவர் இவர்தான். ஏழைகளுக்கு அரசு செலவில் வழக்குரைஞரை அமர்த்தித் தரும் சட்ட உதவி விதிகளும் இவர் அமைச்சராக இருந்தபோதே கேரளத்துக்கு வந்தன. நாடு தழுவிய சட்டம் ஒன்று இதற்கென வருவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

அந்த அரசைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. அதை எதிர்த்து நடந்த ‘விமோசன சமரம்’ (விடுதலைப் போராட்டம்) உச்சத்தில் இருந்த 1959 ஜூனில், அங்கமாலியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் இறந்தார்கள். அடக்குமுறையை எதிர்த்து வாதாடியவர் அமைச்சராக இருந்த அரசின் கையிலும் துப்பாக்கி இருந்தது. அவர் பின்னாளில் எழுதிய தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம், அரசின் கைக்கு எவ்வளவு எல்லை வேண்டும் என்பதை அரசுக்குள் இருந்தே கற்றுக்கொண்டவர் இவர் என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு.

1959 ஜூலை 31 அன்று, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 356ஆம் பிரிவின் கீழ் அந்த அமைச்சரவை கலைக்கப்பட்டது. அடுத்த மாதமே அவர் வழக்குரைஞர் தொழிலுக்குத் திரும்பினார். இந்தக் கட்டத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். 1960 தேர்தலில் அவர் வெறும் ஏழு வாக்குகளில் தோற்றார். தேர்தல் மனு தாக்கல் செய்து வழக்காடி, 1961இன் இறுதியில் வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 1965இல் மறுபடி நின்று தோற்றார். அத்தோடு தேர்தல் அரசியல் அவரளவில் ஏறத்தாழ முடிந்துபோக, எஞ்சியது வழக்குரைஞர் தொழில்தான். தொழிலாளர் வழக்குகளும் நில வழக்குகளும் நிறைந்த அந்த ஆண்டுகளுக்குப் பின், 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1971 முதல் சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்.

அந்த நியமனத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர் நடுநிலையான நீதிபதியாக இருக்க முடியுமா என்று கேட்டுப் பம்பாய் வழக்குரைஞர்கள் பலர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி, தாம் அப்போது செய்தது தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கேள்வி என்னவோ நியாயமானதுதான். அதற்கு விடை 1975 ஜூனில் கிடைத்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் தம் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்ததை எதிர்த்து இந்திரா காந்தி மேல்முறையீடு செய்தபோது, அது கோடை விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த கிருஷ்ண ஐயரிடம் வந்தது. சட்ட அமைச்சர் கோகலே தொலைபேசியில் அழைத்து நேரில் பார்க்க விரும்புவதாகச் சொன்னதையும், மேல்முறையீடு என்றால் நீதிமன்றப் பதிவகத்தில் தாக்கல் செய்யலாமே என்று தாம் பதில் சொன்னதையும் அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். நாடாளுமன்றத்தில் அமரலாம், பேசலாம், பிரதமராக நீடிக்கலாம். வாக்களிக்கவோ உறுப்பினருக்குரிய ஊதியம் பெறவோ கூடாது என்று ஜூன் 24 அன்று அந்தத் தீர்ப்புக்கு நிபந்தனையுடன் கூடிய இடைக்காலத் தடை வழங்கினார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

எனினும், அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம் கைதிகளின் வழக்குகள்தான் என்பது என் கருத்து. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியும் அவரால் வெளியே வர முடியவில்லை. கீழ் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது; பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரை ஏற்கவும் மறுத்தது. 1978இல் கிருஷ்ண ஐயர் அதைத் தள்ளிவிட்டு, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரம் போதும் என்றார். தமிழரோ மலையாளியோ டெல்லியின் சாந்தினி சௌக்கில் கைதானால், அங்கே சொத்துள்ள பிணைதாரரை எங்கே போய்த் தேடுவார் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் அவர் கேட்டார். மாவட்ட நீதிமன்றங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏழைகளோடு நின்றவருக்குத்தான் இது முதலில் தோன்றும்.

அதே ஆண்டில் சுனில் பத்ரா வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்த ஒருவரை, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்வதற்கு முன்பே திகார் சிறையில் தனிமையில் அடைத்துவைத்திருந்தார்கள். மேல்முறையீடும் கருணை மனுவும் முடியும்வரை ஒருவரை மரண தண்டனைக் கைதி என்று நடத்தக் கூடாது, தனிமைச் சிறை என்பது நீதிமன்றம் மட்டுமே விதிக்கக்கூடிய தண்டனை, அதைச் சிறை அதிகாரி தன் விருப்பத்துக்கு விதிக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. இரும்புக் கால்விலங்கோடு இரண்டு ஆண்டுகள் இரவும் பகலும் கிடந்த பிரெஞ்சுக் கைதி சார்லஸ் சோப்ராஜின் மனுவையும் அதே அமர்வு விசாரித்தது. பின்னர், சிறை வார்டர் ஒருவர் சக கைதியைச் சித்திரவதை செய்ததாக அதே பத்ரா ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, 1979 டிசம்பரில் கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, சிறைக் கதவுக்குள்ளும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு செல்லும் என்பதை இன்னும் அழுத்தமாக நிலைநாட்டியது. 1980இல், விசாரணைக் கைதிக்குக் கைவிலங்கு மாட்டுவது வழக்கமாக இருக்கக் கூடாது, தவிர்க்க முடியாதபோது மட்டும் காரணத்தை எழுதிவைத்துத்தான் மாட்டலாம் என்றும் தீர்ப்பளித்தார்.

அவருடைய ஆங்கிலம் கடினமானது, சில இடங்களில் தேவைக்கு மேல் அலங்காரமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளம் வழக்குரைஞர்கள் அந்தத் தீர்ப்புகளை அகராதியோடுதான் படிப்பார்கள். கைதிக்காக எழுதியதைக் கைதிக்கு விளக்கிச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருந்தது. மரண தண்டனையைச் சமூகத்துக்கு ஆபத்தானவர்களுக்கு மட்டும் என்று சுருக்க 1979இல் அவர் எடுத்த முயற்சியை, அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்க மறுத்துவிட்டது.

1980 நவம்பரில் ஓய்வு பெற்றார். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் மறுபடி எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. அதனால் எர்ணாகுளத்து வீட்டில் இருந்தபடியே எழுதினார், பேசினார், தேடி வந்தவர்களுக்கு யோசனை சொன்னார். பெண் கைதிகளின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1987இல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்று, தஞ்சை மாவட்டத்து ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். அதே ஆண்டில்தான், முன்பு சொன்ன நாடு தழுவிய சட்ட உதவிச் சட்டமான சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1995 நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 டிசம்பர் 4 அன்று அவர் மறைந்தார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். மோதி ராமைப் போல ஜாமீன் கிடைத்தும் பிணைதாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களும் அவர்களில் அடக்கம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, அதன் 43ஆம் பிரிவில், குறிப்பிட்ட வகைக் குற்றங்களில் கைதாகிறவர்களுக்குக் கைவிலங்கு மாட்டப் போலீசாருக்கு அனுமதி தருகிறது. 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இந்தப் பிரிவும் எந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்பதை இனி நீதிமன்றங்கள்தாம் தீர்மானிக்க வேண்டும்.