இடுப்பு சொல்லாது, புருவம் சொல்லும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். புகழுரை எல்லாம் முன்னால பேசினவங்க கணக்குலயே இருக்கட்டும். எனக்குப் பத்து நிமிஷம், நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தலைப்பு: "பந்துமூட்டுப் பொம்மையை ஆணாக்குவதும் பெண்ணாக்குவதும் வார்ப்பா, கைவண்ணமா?" நாங்க கைவண்ணம். பொம்மையைப் பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. ஜப்பான், கொரியா, சீனாவுல ரெசின்ங்கிற கெட்டிப் பிளாஸ்டிக்ல வார்க்கிற பொம்மை இது. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, தொடை, முழங்கால், கணுக்கால்னு ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு பந்து, அது உக்கார ஒரு குழி. உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடி எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சிருக்கும். பெரிய அளவு சுமார் 60 செ.மீ., ஆள் உயரத்துல மூணுல ஒரு பங்கு. கண்ணு, முடி, கை, பாதம், தலை எல்லாத்தையும் கழட்டி மாட்டலாம். பெரியவங்க காசு சேர்த்து வாங்கி, வருஷக்கணக்கா வச்சுப் பாதுகாக்கிற பொம்மை.

எதிரணித் தலைவி அக்கா நல்லாவே தொடங்கினாங்க. 1999ல கியோட்டோவோட வோக்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபிங்கிற பந்துமூட்டுப் பொம்மை வரிசையைக் கொண்டு வந்தப்போ முதல்ல வந்த நாலும், நானா, கிரா, சாரா, மெகு, பொண்ணுங்க. அதனால அச்சுலயே எல்லாம் தீர்ந்துபோச்சுன்னாங்க. நாலும் பொண்ணுங்கதான், மறுக்கல. அதோட நிறுத்தியிருக்கலாம். கைதட்டலுக்காக இன்னொண்ணு சொன்னாங்க: "இவங்க பொம்மைக்கு மீசை வரைவாங்க, கோட்டு மாட்டுவாங்க. ஒரு வேட்டி கட்டச் சொல்லுங்க பாப்போம். இடுப்பு ஆம்பளை இடுப்பா இருந்தாத்தானே நிக்கும்!"

அரங்கம் அதிர்ந்துச்சு. நானும் கேட்டேன். அக்கா, அந்த வேட்டியை இப்போ இந்த மேடையில கட்டிடுவோம்.

நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். மூணால வகுத்தா 67 செ.மீ.க்கு 42 செ.மீ. அளவை வகுத்துட்டோம். துணியோட கனத்தை எப்படி வகுக்கிறது? கடை வேட்டியை வெட்டிக் கட்டினா மடிப்பு அட்டை மாதிரி விறைச்சு நிக்கும், இடுப்பைச் சுத்தி மரக்கட்டை கணக்கா பருத்துக்கும். அதனால மல்மல் துணி எடுக்கணும். நாலு தடவை துவைச்சுக் கஞ்சி போன பழைய மல்மல் கிடைச்சா இன்னும் நல்லது. கரைக்குச் சிவப்போ கறுப்போ நீலமோ வச்சா, முதல்ல அதை நனைஞ்ச வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்க. சாயம் விட்டா ரெசின்ல ஏறும். ஏறின சாயத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா ரெசினும் சேர்ந்து தேயும். அடியில ஒரு வெள்ளை உள்ளாடை போட்டுட்டுக் கட்டுங்க.

இப்போ ஆண் உடம்புன்னு பேர் போட்டு விக்கிற ஒல்லி வார்ப்பை நிக்க வச்சுக் கட்டுறோம். நிக்குதா? நிக்காது! அக்கா சொன்னது அது வரைக்கும் சரி. ஏன் நிக்கல? மனுஷ இடுப்புல சதை இருக்கு. சொருகினா சதை அமுங்கித் துணியைக் கவ்விப் பிடிக்கும். ரெசின் அமுங்காது, வழவழன்னு இருக்கும். அந்த வார்ப்போ தோள்ல அகலமா தொடங்கி, கீழே வரவரக் குறுகி, நேரா தொடைக்கு இறங்குது. சொருகலுக்குக் குந்த ஒரு திண்ணை இல்ல. ஒரு காலை லேசா நகத்தினா மொத்த வேட்டியும் கணுக்கால்ல கிடக்கும்.

அதே துணி, அதே மடிப்பு. பெண் உடம்புன்னு விக்கிற வார்ப்புக்குக் கட்டுங்க. இடை ஒடுங்குது, கீழே இடுப்பு விரியுது. சொருகல் அந்த விரிவு மேல போய் உக்காந்துக்குது. நிக்குது அக்கா! வேட்டி நிக்குது! கேட்டுக்குங்க நடுவரே: ஆம்பளை இடுப்புல நழுவின வேட்டி, பொம்பளை இடுப்புல கம்பீரமா நிக்குது. வேட்டி நிக்கிறதுதான் ஆணுக்கு அடையாளம்னா, அக்கா கொடுத்த அளவுகோலே அக்காவைக் கைவிட்டுடுச்சு.

அந்தப் பொம்மைங்க பிறந்த ஊர் வழக்கத்தையும் பாருங்க. ஜப்பான்ல பெண்கள் கிமோனோ கட்டும்போது, இடை ஒடுங்கின இடத்துல துண்டை மடிச்சு வச்சு, வளைவை நிரவி, உடம்பை உருளை மாதிரி ஆக்கிக்கிட்டுத்தான் ஓபிங்கிற அகலப் பட்டையைச் சுத்துவாங்க. நிரவலன்னா ஓபி நடுவுல மடிஞ்சு சுருங்கும். பொம்மைக்கும் அதே முறைதான். பெண் வார்ப்புக்கு ஃபிளானல் பட்டியை இடையில சுத்தி, இடுப்போட சமமாகுற வரைக்கும் ஏத்தணும். நேரா இறங்குற ஆண் வார்ப்புக்கு அந்தத் திணிப்பு அவ்வளவா தேவைப்படாது. பெண்ணோட கிமோனோ பையன் வார்ப்புல அழகா உக்காருது, ஆணோட வேட்டி பொண்ணு வார்ப்புல நிக்குது. இடுப்புகிட்ட கேட்டா அது துணி நழுவுமா நழுவாதான்னு மட்டும்தான் சொல்லும்.

பையன் வார்ப்புலயும் வேட்டி நிக்கணும்னா வழி இருக்கு. மேல் ஓரத்துல உள்பக்கம் 5 மி.மீ. எலாஸ்டிக் தைச்சு, பின்னால ஒரு பிரஸ் பட்டன் வைங்க. எலாஸ்டிக்கை இறுக்கமா வைக்காதீங்க, இடுப்பைத் தொட்டு நின்னா போதும். அதையும் செய்யறது கைதான்!

இனி முகம். நாங்க வாதாட வந்ததே இதுக்காகத்தான்.

பெட்டியில வர்ற வெறுந்தலையைக் கையில எடுத்துப் பாருங்க. புருவம் இல்ல, இமைமுடி இல்ல, உதட்டுல நிறம் இல்ல. கண்ணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ஓட்டை. பாத்திரம் கழுவுற திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில கழுவணும், அச்சுலேருந்து வந்த பிசுக்கு போகணும். நல்லா காஞ்சதும் மேட் சீலர்ங்கிற பளபளப்பில்லாத தெளிப்புப் பூச்சை 25, 30 செ.மீ. தள்ளி நின்னு மெல்லிசா ரெண்டு மூணு கோட்டு அடிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரைமணி நேரம். காத்தோட்டமான இடம் வேணும், வேதிப்புகையைத் தடுக்கிற வடிகட்டி வச்ச முகக்கவசம் வேணும். சாதா துணி முகக்கவசம் எதுக்கும் உதவாது. காத்துல ஈரப்பதம் அறுபது, அறுபத்தஞ்சு சதவீதத்தைத் தாண்டின நாள்ல அடிச்சா முகம் முழுக்கச் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துடும். அவசரப்பட்டுத் தடிமனா அடிச்சா கண்ணோரத்துல தேங்கி நிக்கும். இந்த அடிப்பூச்சு எதுக்குன்னா, வழவழ ரெசின்ல பாஸ்டல்ங்கிற வண்ணத் தூள் பிடிக்காது. சீலர்தான் அதுக்குச் சொரசொரப்பு கொடுக்குது, ரெசின்ல கறை ஏறாமலும் காக்குது.

இப்போ பிரஷ் கையில இருக்கு. புருவத்தை நேரா, அடர்த்தியா, கண்ணுக்குக் கிட்டத்துல இறக்கிப் போட்டா பையன். மேல தூக்கி, வில்லா வளைச்சு, நுனியை ஊசியா முடிச்சா பொண்ணு. தலை அதே தலை. 16 மி.மீ. கண்ணுக்குப் பதிலா 14 மி.மீ. வச்சா முகத்துக்கு வயசு கூடும், குழந்தைத்தனம் குறையும். ஆனா ஓரத்துல இடைவெளி தெரியும், உள்பக்கம் புட்டிங்கிற களிமண் மாதிரிப் பசையை வச்சு அடைக்கணும். உதட்டுல நிறம் விளிம்பைத் தாண்டினா லிப்ஸ்டிக். ரெண்டு உதடும் சேர்ற கோட்டுல மட்டும் அழுத்தி, வெளியே வரவரக் கரைச்சுட்டா யாருடைய உதடாவும் இருக்கலாம்.

ஆணா பெண்ணான்னு சொல்ல முடியாத அந்த முகத்தைத் தேடித்தான் எத்தனையோ பேர் இந்தக் கலைக்கு வர்றாங்க. அங்கதான் நிறையப் பேர் தவறுறாங்க. அடர்ந்த புருவத்தையும் போட்டு, சிவந்த உதட்டையும் போட்டு, ரெண்டையும் கூட்டிப் பாக்குறாங்க. வேஷம் கட்டின ஆள்தான் வர்றான். அந்த முகம் கூட்டி வராது, கழிச்சுத்தான் வரும். புருவம் நேரா இருக்கட்டும், ஆனா மெல்லிசா, வால் பகுதி மங்கி முடியட்டும். மேல் இமைமுடியைப் பாதியா நறுக்குங்க. கன்னத்துச் சிவப்பை மூக்கோரத்துக்குக் கொண்டு வராம காதுப்பக்கமா ஒதுக்குங்க. பாக்குறவங்க கண்ணு பதில் தேடித் தேடி அந்த முகத்துலயே நின்னுடும்.

பிடிக்கலையா? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் துடைங்க. கொஞ்ச நேரத்துல பழைய வெறுந்தலை. அசிட்டோன் பக்கம் மட்டும் போகாதீங்க, ரெசினையே தின்னுடும். போன மாசம் இளவரசன், இந்த மாசம் இளவரசி, தலை ஒண்ணுதான். எதிரணித் தம்பி, "கழுத்துல குரல்வளையே வார்த்திருக்கே, அதை என்ன பண்ணுவீங்க"ன்னாரு. 400 நம்பர் உப்புத்தாள் தம்பி, அப்புறம் 600, அப்புறம் 1000. தண்ணியில நனைச்சே தேய்க்கணும், ரெசின் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பழைய பொம்மைன்னா மேல்தோல் வெயில் பட்டு மஞ்சளாகியிருக்கும், தேய்ச்ச இடம் வெளிறித் தெரியும், அதைப் பாஸ்டல்ல சமன் பண்ணணும். வேணும்னா எபாக்ஸி புட்டி வச்சுக் குரல்வளையைப் புதுசாவும் ஏத்தலாம்.

மரபு மரபுன்னு அக்கா மூணு தடவை சொன்னாங்க. ஜப்பானோட இச்சிமட்சு பொம்மைக்குப் பேர் வந்தது 18ஆம் நூற்றாண்டுல கபுகிங்கிற ஜப்பானிய மரபு நாடகத்துல நடிச்ச சனோகவா இச்சிமட்சுகிட்டேருந்து. அவர் இளைஞன் வேஷமும் கட்டினார், பெண் வேஷமும் கட்டினார். மரபு அங்கேருந்து தொடங்குது.

இன்னொருத்தர் கதையைச் சொல்லாம இறங்க மாட்டேன். யோட்சுயா சைமன். 1944ல டோக்கியோவுல பிறந்தவர். சின்ன வயசுலேருந்து பொம்மை செய்யறவர். நீனா சிமோன்ங்கிற பாடகியோட பாட்டுல உயிரை விட்டதால அவருக்கு சைமன்னு பேர் வந்துச்சு. 1965ல ஒரு பத்திரிகையைப் புரட்டுறார். அதுல ஜெர்மன்காரர் ஹான்ஸ் பெல்மர் 1930கள்ல செஞ்ச பந்துமூட்டுப் பொம்மையோட படம். ஒரு சிறுமிப் பொம்மை, வயித்துலயே ஒரு பெரிய பந்து. பாத்தார். வீட்டுக்குப் போனார். அது வரைக்கும் பொம்மை செய்யச் சேர்த்து வச்சிருந்த பொருளை எல்லாம் தூக்கிப் போட்டுட்டார்! அப்புறம் காரா ஜூரோவோட நாடகக் குழுவுல சேர்ந்தார். என்ன வேஷம் தெரியுமா? பெண் வேஷம். மேடையை விட்டு வந்து அந்தக் கையால என்ன செஞ்சார்? பையன் பொம்மைங்களையும் செஞ்சார். 1978ல பொம்மைப் பள்ளியே தொடங்கினார்.

பின்வரிசைக்கும் கேக்கணும், திரும்பச் சொல்றேன். பேர் ஒரு பெண்கிட்டேருந்து வந்தது. உடம்பு ஆண். மேடையில பெண். அவரை உலுக்கினது ஒரு சிறுமிப் பொம்மை. அவர் கை வடிச்சது பையன்களையும். அந்த மனுஷனுக்குள்ள ஆண் எங்க முடியுது, பெண் எங்க தொடங்குதுன்னு அக்கா ஒரு கோடு போட்டுக் காட்டட்டும், நான் இப்பவே தோத்துப் போறேன்.

நடுவர் மணி அடிச்சுட்டீங்க. ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க. வாதத்தை இங்கயே இறக்கி வச்சுடறேன்.

இந்த அரங்கத்துல முடியை வளர்த்ததுக்காக அப்பாகிட்ட அடி வாங்கின பையன் இருப்பான். முடியை வெட்டினதுக்காக வாரக்கணக்குல அம்மா பேசாத பொண்ணு இருப்பா. கண்ணாடி முன்னால நின்னு, இதுல எது நான்னு கேட்டுட்டு, பதில் சொல்லப் பயந்து விளக்கை அணைச்சவங்க இருப்பாங்க. அவங்க கையில ஒரு நாள் அந்தப் பெட்டி வருது. பஞ்சையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கிறாங்க. உள்ளே முகமே எழுதாத ஒருத்தர் படுத்திருக்காங்க.

தலைக்குப் பின்பக்க மூடியைக் காந்தத்துலேருந்து பிரிச்சு, மொச்சை அளவு புட்டியைக் கண்ணோரமா வச்சு, பின்னாலேருந்து கண்ணை உள்ள அழுத்துறாங்க. திருப்பிப் பாக்குறாங்க. ஒரு கண்ணு சுவத்தைப் பாக்குது. மறுபடி கழட்டி, ஒரு மி.மீ. நகத்தி, மறுபடி திருப்பி... விரல் நோகுது. அப்புறம் ஒரு தடவை திருப்பும்போது ரெண்டு கண்ணும் சேர்ந்து நிமிர்ந்து அவங்களையே பாக்குது. அது அவனா அவளான்னு அந்த நேரத்துல யாருக்கும் தோணாது நடுவரே. "வந்துட்டியா"ன்னுதான் வாய்ல வரும்.

வணக்கம்.