நேபாளத்துக்கு ஊழியத்துக்குப் போற பிள்ளைகளுக்குச் சொன்னது

பாஸ்டருக்கும் மூப்பர்மாருக்கும், இந்த வெயிலுக்குள்ள கொட்டாஞ்சேனையில இருந்தும் வெள்ளவத்தையில இருந்தும் பஸ் ஏறி வந்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேரா விஷயத்துக்கு வாறன். முன் வரிசையில இருக்கிற இந்தப் பிள்ளைகள் நேபாளத்தில ஒரு மலைக் கிராமத்துக்கு, சரியான ஏழைச் சனம் இருக்கிற இடத்துக்குப் போகப்போறாங்க, அவங்களோட கொஞ்சம் கதைக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க.

பிள்ளைகள், மிஷனரி எண்டா வெள்ளைக்காரர் கப்பல்ல எங்களிட்ட வந்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா 1900ஆம் ஆண்டிலயே யாழ்ப்பாணத்து மாணவர்கள் வெளிநாட்டு மிஷனுக்கெண்டு ஒரு சங்கம் தொடங்கி, கடலுக்கு அங்கால இராமநாதபுரம் பக்கம் இருக்கிற தொண்டிக்கு ஆள் அனுப்பினவங்க. அது உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? 1902ல அசரியா எண்ட ஒரு இளைஞர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில வெள்ளாளன்விளைல பிறந்தவர், அப்ப வை.எம்.சி.ஏ. எண்ட கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில செயலாளரா இருந்தவர். இந்தச் சின்னத் தீவில இருக்கிற தமிழர் வேற ஊருக்கு மிஷனரி அனுப்புறாங்க, இவ்வளவு சபை இருக்கிற திருநெல்வேலி ஒருத்தரையும் அனுப்பேல்லையே எண்டு அவருக்கு மனசு குத்திப்போட்டுது. அடுத்த வருஷமே, 1903ல, திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதுக்கு ஒரு பொறி எங்கட ஆக்கள் போட்டது எண்டு நினைக்கேக்க எனக்கு இப்பவும் நெஞ்சு நிறையும்.

அந்தச் சங்கம் போன இடம் தோர்ணக்கல், அப்ப ஹைதராபாத் நிஜாமிட ராஜ்யம், தெலுங்கு கதைக்கிற சனம். அங்க சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்டவங்கள்ல கனபேர் மாலா, மாதிகா எண்டு ஊருக்கு வெளியில ஒதுக்கி வைக்கப்பட்ட ஆக்கள், தோல் வேலை செய்யிறவங்க, அடுத்தவன் காணியில கூலிக்கு நிக்கிறவங்க. அசரியா ஆள் அனுப்பினதோட நிக்கேல்ல. 1909ல வை.எம்.சி.ஏ. வேலையை விட்டுட்டு தானே அங்க போயிட்டார், தெலுங்கு படிச்சார், 1912ல அங்கயே பிஷப் ஆனார், அங்கிலிக்கன் சபையில முதலாவது இந்திய பிஷப் அவர்தான், 1945 ஜனவரி 1ஆம் திகதி சாகும்வரைக்கும் அந்தச் சனத்தோடதான் இருந்தார்.

1910ல எடின்பரோவில உலக மிஷனரி மகாநாடு நடந்தது. வந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஐரோப்பியரும் அமெரிக்கரும். அதுக்குள்ள இந்த முப்பத்தைஞ்சு வயசுத் தமிழர் எழும்பி, இந்தியாவில மிஷனரிமார் தங்களோட வேலை செய்யிற இந்திய ஊழியக்காரரிட வீட்டுப் படி மிதிக்கிறேல்ல, பக்கத்தில இருத்திச் சாப்பிடுறேல்ல எண்டு அவங்கட முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில பைபிள்ல அன்பைப் பற்றிச் சொல்லுற 1 கொரிந்தியர் 13ஐ மனசில வச்சு அவர் சொன்னது இதுதான்: ஏழைகளைப் போஷிக்க உங்கட பொருளைக் குடுத்தீங்க, உங்கட உடம்பையும் சுட்டெரிக்கக் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கிறம், எங்களுக்கு நண்பர்களைத் தாங்க. கேட்டுக்கொண்டிருந்த கனபேருக்கு அது பிடிக்கேல்ல. ஆனா அந்த மகாநாட்டில கதைச்ச எத்தனையோ பேரிட பேச்சு மறந்துபோச்சு, இது இண்டைக்கும் நிக்குது.

உங்களிட்ட நான் கேக்கிறதும் அதுதான், நண்பர்களாப் போங்க. பேனா, பென்சில், டொஃபி பைக்கற் எல்லாம் சூட்கேஸ் நிறைய அடுக்குறீங்க எண்டு கேள்விப்பட்டன். குடுக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா வாங்குற பக்கத்தில நிண்டவங்க நாங்க. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில முப்பதாயிரத்துக்கு மேல சனம் செத்து, கிழக்கில கேம்ப் கேம்பா ஆக்கள் இருக்கேக்க எத்தனை நாட்டில இருந்து எத்தனை பேர் வந்தாங்க. உண்மையாவே அழுது, தோளோட தோள் நிண்டு குழி வெட்டினவங்களும் வந்தாங்க, அவங்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். குளிர் நாட்டுக் கம்பளி ஜக்கெட்டை மட்டக்களப்பு வெயிலுக்கு அனுப்பினவங்களும் இருந்தாங்க, பிள்ளையைப் பறிகுடுத்த தாயிட கையில ஒரு பார்சலைக் குடுத்துட்டு கமராவைப் பாருங்கம்மா எண்டு சொன்னவங்களும் இருந்தாங்க. அரிசி மூட்டையோட சேர்த்து ஜெபத்துக்குக் கை தூக்கச் சொன்னாங்க எண்டு ஒரு சிலரைப் பற்றி வந்த கதை எங்கட சபைகளுக்கும் அயல்ல இருக்கிற பௌத்த, இந்து சனத்துக்கும் இடையில எவ்வளவு கசப்பை விட்டுட்டுப் போச்சு எண்டு இங்க இருக்கிற பெரியாக்களுக்கு நல்லாத் தெரியும். பசியில இருக்கிறவனிட்ட விசுவாசத்தை விலையாக் கேக்க ஏலாது பிள்ளைகள், அது பாவம்.

நேபாளத்தில சட்டமும் இருக்கு, அதையும் சொல்லோணும். 2018ல நடைமுறைக்கு வந்த அவங்கட தண்டனைச் சட்டப்படி ஒருத்தரை மதம் மாத்தினா அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. வெளிநாட்டுக்காரர் எண்டா பிறகு நாட்டை விட்டும் அனுப்பிப்போடுவாங்க. ஆனா நான் பயப்பிடுறது உங்களுக்காக இல்லை. நீங்க ஆர்வத்தில ஒரு நோட்டீஸ் குடுத்துட்டு, ஞானஸ்நானப் படம் ஒண்டை ஃபேஸ்புக்கில போட்டுட்டு பிளைட் ஏறி வந்துடுவீங்க, பொலிஸ் போய்க் கதவு தட்டுறது அந்தக் கிராமத்துப் போதகரிட வீட்டில. அதனால விசுவாசிகளிட முகம், பேர், ஊர் ஒண்டும் ஃபோன்ல போடக்கூடாது, பிள்ளைகளிட படம் எடுக்கவே வேண்டாம், அங்க இருக்கிற சபை வேண்டாம் எண்டு சொன்னா வேண்டாம்தான்.

அப்பிடியெண்டா வாயைக் கட்டிக்கொண்டு போய் என்ன செய்யிறது எண்டு கேப்பீங்க. 1954ல நேபாளத்துக்கான ஐக்கிய மிஷன் அங்க தொடங்கேக்கயே மதம் பரப்ப மாட்டம் எண்ட நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டுதான் உள்ளுக்குப் போனவங்க. அந்த வருஷமே தான்சேன் எண்ட ஊரில வைத்தியம் பார்க்கத் தொடங்கினாங்க, அந்த ஆஸ்பத்திரி இண்டைக்கும் நடக்குது. அவங்க அந்த நாட்டுக்குள்ள போகேக்க கிறிஸ்தவர் எண்டு இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆக்கள். இண்டைக்கு அங்க லட்சக்கணக்கில விசுவாசிகள். அந்தச் சபையை வளர்த்தது அநேகமா நேபாளச் சனம்தான், ஜெயிலுக்குப் போயும் வளர்த்தாங்க.

எங்கட யாழ்ப்பாணத்து மானிப்பாய் டொக்டர் கிறீனையும் நினைச்சுப் பாருங்க. அமெரிக்காவில இருந்து 1847ல வந்த சாமுவேல் கிறீன் வைத்தியத்தைத் தமிழில படிப்பிச்சார், புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், ஏனெண்டா இங்கிலிஷில படிச்ச டொக்டர்மார் அரசாங்க வேலைக்குப் போயிடுறாங்க, கிராமத்து ஏழைக்கு ஆளில்லை எண்டு கண்டார். படிச்சவங்கள்ல சைவக்காரரும் இருந்தாங்க. தமிழருக்கு மருத்துவ ஊழியக்காரன் எண்டு தன்ர கல்லறையில எழுதச் சொன்ன மனுஷன் அவர்.

உங்களிட்ட அவ்வளவு வருஷம் இல்லை. ஆனா உங்களிட்ட இருக்கிற ஒண்டு எந்த அமெரிக்க மிஷனரியிட்டயும் இருக்கேல்ல. நேபாளத்து மலைக் கிராமங்கள்ல ஆம்பிளையள் கனபேர் கத்தார்ல, துபாயில, மலேசியாவில. வெளிநாட்டில இருந்து வாற காசு அந்த நாட்டு வருமானத்தில ஏறக்குறைய கால்வாசி. இங்க இந்த வரிசையில இருக்கிறவங்கள்லயும் அம்மா குவைத்தில வீட்டு வேலைக்கு நிக்கேக்க அம்மம்மாவோட வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறீங்க. வாட்ஸ்அப்பில மட்டும் அப்பாவைக் காணுற ஒரு நேபாளப் பிள்ளைக்குப் பக்கத்தில போய் இருந்து, எனக்கும் அப்பிடித்தான் எண்டு சொல்ல உங்களுக்கு ஏலும். அது பொறுமையா, அவங்கட வீட்டில அவங்க தாற டால் பாத்தை, அதுதான் பருப்பும் சோறும், சாப்பிட்டுக்கொண்டு கதைக்கிற கதை. அவங்க கேட்டா நீங்க நம்புறவரைப் பற்றியும் சொல்லுங்க. கேக்காட்டி, பாத்திரம் கழுவிக் குடுங்க.

கமிட்டியிட்ட நான் ஏற்கனவே கேட்டது ரெண்டு விஷயம். ஒண்டு, போற ஆக்களைக் குறைச்சு அந்த டிக்கெட் காசில அந்தக் கிராமத்துப் பிள்ளை ஒண்டு நேர்ஸிங் படிக்க உதவுங்க, அது யார் எண்டதை அங்க இருக்கிற சபையே தீர்மானிக்கட்டும். மற்றது, ஒருக்கா போயிட்டு அடுத்த வருஷம் வேற நாடு எண்டு மாறாம, அதே கிராமத்துக்கே திரும்பத் திரும்பப் போங்க. நேபாளி வகுப்பு சனிக்கிழமை பின்னேரம் ஆன்லைன்ல தொடங்குது, எழுத்து ஹிந்தி எழுத்துத்தான், அதனால ஹிந்தி தெரிஞ்ச அன்ரிமார் யாரும் இருந்தா கூட்டம் முடிஞ்சு போகேக்க பேரைக் குடுத்துட்டுப் போங்க.