அனோக்காவின் மாடுகள்

வணக்கம் நேயர்களே. இலையெல்லாம் சிவந்து கொட்டுகிற இந்த நாட்களில் ஒக்டோபர் 31 இரவில் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் அனோக்கா இருக்கிறது. ரம் என்ற ஆறு வந்து மிசிசிப்பியில் கலக்கும் இடம். 'இரண்டு பக்கமும்' என்று பொருள்படும் டகோட்டாச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஊரும் ஆற்றின் இரு கரையிலும்தான் பரந்து கிடக்கிறது. மக்கள்தொகை 18,000 அளவில்தான். ஆனால் 'உலக ஹாலோவீன் தலைநகரம்' என்பது அந்த ஊர் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அந்தப் பக்கம் குடிவந்த புதிதில் அதை ஒரு விளம்பரமாகத்தான் நினைத்தேன். பின்னணி தெரிந்த பிறகு அந்தப் பட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கதை மாடுகளில் தொடங்குகிறது. 100 வருடத்துக்கு முன்னால் அமெரிக்கச் சிற்றூர்களில் ஹாலோவீன் இரவு என்றால் பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு மிட்டாய் கேட்டு வரும் இரவு கிடையாது. அந்த வழக்கம் வட அமெரிக்கா முழுக்கப் பரவியது வெகு பின்னால்தான். அப்போது அது இளவட்டங்கள் அட்டகாசம் செய்யும் இரவு. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்களோடு கப்பலில் வந்த வழக்கம். அங்கே அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற இரவு அது. டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார்கள். அமெரிக்கா வந்ததும் டர்னிப்பின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்துக்கொண்டது. குறும்பு மட்டும் அப்படியே தொடர்ந்தது.

அனோக்காவில் விடிந்து பார்த்தால் பிரதான வீதியில் மாடுகள் உலாத்திக்கொண்டிருக்கும். இரவோடிரவாக யாரோ தொழுவங்களைத் திறந்துவிட்டிருப்பார்கள். கடைகளின் கண்ணாடி ஜன்னலெல்லாம் சவர்க்காரம் பூசி மங்கிப்போயிருக்கும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரக் கழிப்பறைகள் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு யாழ்ப்பாணத்துச் சிவராத்திரிதான் நினைவுக்கு வந்தது. விழித்திருக்க வேண்டிய இரவு, வயதுப் பெடியன்கள், கும்மிருட்டு. பிறகு கேட்கவா வேண்டும்? ஒரு வருடம் எங்கள் அம்மப்பாவின் வீட்டுப் படலை காணாமல் போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் சந்தியில் ஊரார் வீட்டுப் படலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அம்மப்பா தன் படலையை அதன் கறுத்த கயிற்றுக் கட்டைப் பார்த்து அடையாளம் கண்டு, தோளில் வைத்துத் தூக்கிவந்தார். யாரையும் ஏசவில்லை. அவருக்கும் அந்த வயது இருந்திருக்கும்தானே. அடுத்த வருடம் கோயிலில் விடிய விடிய வில்லுப்பாட்டு வைத்தார்கள். படலைகள் அதனதன் இடத்திலேயே நின்றன.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். கான்சஸ் மாநிலத்தில் ஹயவாதா என்றொரு ஊர். அங்கே எலிசபெத் கிரெப்ஸ் என்ற பெண்மணி ஆசையாக வளர்த்த பூந்தோட்டத்தை ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் பிள்ளைகள் மிதித்துத் துவைத்துவிடுவார்கள். அவர் பொலிசைக் கூப்பிடவில்லை. 1913-ல் தன் கைக்காசைப் போட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விருந்து வைத்தார். ஆடிக் களைத்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. பலிக்கவில்லை. ஒரு ஆள் செய்யக்கூடிய காரியமில்லை என்று புரிந்துகொண்டு 1914-ல் ஊரையே சேர்த்துக்கொண்டார். வேடமணிந்த ஊர்வலம் கடைவீதி வழியே போனது. அந்த ஊர்வலம் ஹயவாதாவில் இன்றைக்கும் நடக்கிறது.

அனோக்காவின் முறை 1920-ல் வந்தது. ஜார்ஜ் கிரீன் என்பவரும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் கூடிப் பேசினார்கள். வணிகர் சங்கம், கிவானிஸ் என்ற சமூக சேவைச் சங்கம், ஆசிரியர்கள், பெற்றோர் என்று எல்லோரையும் வைத்து ஒரு குழு அமைந்தது. மாட்டை அவிழ்த்துவிடுகிற அதே பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றைக் கொடுத்துவிடுவோம் என்பதுதான் யோசனை. பள்ளிப் பிள்ளைகள் வேடம் போட்டு வீதியில் நடந்தார்கள். மேளக் குழுக்களும் பொலிசாரும் தீயணைப்புப் படையினரும் கூடவே நடந்தார்கள். முடிந்ததும் 1,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சோளப்பொரி, நிலக்கடலை, மிட்டாய். அப்புறம் பாலத்தடிச் சதுக்கத்தில் பெரிய சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டினார்கள். மறுநாள் காலை வீதியில் ஒரு மாடுகூட இல்லை என்று அந்த ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

நேற்றுவரை துரத்திக்கொண்டிருந்த பொலிஸ், இன்றைக்கு அதே பிள்ளைகளோடு ஊர்வலத்தில் நடக்கிறது. நேற்றுச் சவர்க்காரம் பூசப்பட்ட கடைக்காரர் இன்றைக்குக் கடலை அள்ளிக் கொடுக்கிறார். ஹாலோவீன் கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்ட வியாபாரம் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். வியாபாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பண்டிகையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தவர்கள் இப்படிப்பட்ட சிற்றூர்க்காரர்கள்.

1937-ல் பத்திரிகை போடும் 12 வயதுப் பையன் ஒருவன், அனோக்காவை உலக ஹாலோவீன் தலைநகரம் என்று அறிவிக்கும் ஓலையை வாஷிங்டனுக்கே கொண்டுபோனான். போர் நடந்த 1942, 1943 இரண்டு வருடமும் விழா நடக்கவில்லை. பிறகு மறுபடி தொடங்கினார்கள்.

மினசோட்டாக் குளிர் பற்றி ஒரு வார்த்தை. 1991 ஹாலோவீன் அன்று தொடங்கிய பனிப்புயல் மினியாபொலிஸ் பகுதியில் 28 அங்குலத்துக்கு மேல் பனியைக் கொட்டியது. அந்த நாளைப் பற்றிக் கேட்டால் இங்குள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். இங்கே தாய்மார் வேட உடுப்பை இரண்டு அளவு பெரிதாக வாங்குவார்கள், தடித்த குளிரங்கிக்கு மேலே போட வேண்டுமல்லவா. அனோக்காவில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஊர்வலம் இருக்கிறது. அதில் வரும் சிலந்தி மனிதனுக்கும் இளவரசிக்கும் கை மடங்காது, உடம்பு உருண்டையாக இருக்கும், மூக்கு மட்டும் சிவந்து வெளியே தெரியும். நான் ஒவ்வொரு வருடமும் வீதியோரம் நின்று பார்ப்பேன்.

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், ஒக்டோபர் 31 அன்று வந்தன. எங்கள் வீட்டுப் படியில் பூசணிக்காய் ஒரு பக்கம், அகல் விளக்கு வரிசை மறு பக்கம். டைனோசர் வேடத்தில் வந்த பக்கத்து வீட்டுச் சிறுவன் சொக்லேட்டை வாங்கிக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். என் மனைவி பயற்றம் பணியாரத் தட்டை நீட்டினார். தாயைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையாட்டினார். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, ஒன்றை எடுத்துக் கடித்தான். இரண்டு படி இறங்கியவன் திரும்பி வந்து, தன் தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்றான்.

நன்றி, வணக்கம்.