படகின் அடிக்கு எந்த ஆன்டிஃபவுலிங் பெயின்ட்?

[திரையில்: கரையேற்றிய படகின் அடி, கொட்டலசும் பாசியும் அப்பியபடி]

படகின் அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் தடுப்பதுதான் ஆன்டிஃபவுலிங் பெயின்ட். அதை வாங்கப் போகிறவர் முதலில் தேடுவது டப்பாவில் போட்டிருக்கும் காப்பர் சதவீதத்தை. அதிகம் இருந்தால் நல்லது என்று ஒரு கணக்கு. ஆனால் அவற்றை விரட்டும் தாமிரம் உள்ளே எவ்வளவு என்பதைவிட, அது எந்த வேகத்தில் கடலுக்குள் கசிகிறது என்பதே முக்கியம். அந்த வேகம் பெயின்டில் தாமிரத்தைப் பிடித்துவைக்கும் பிசினின் கையில் இருக்கிறது. அதை வைத்து இரண்டு வகை: கடினம், கரையும்.

கடின வகையில் பிசின் கரையாது, தாமிரம் மட்டும் வெளியேறும். விசைப்படகின் வேகத்தையும் தேய்த்துக் கழுவுவதையும் தாங்கும். ஆனால் சக்தி தீர்ந்த படலம் அப்படியே நிற்கும். அதன் மேலேயே வருடாவருடம் பூசினால் தடித்து, வெடித்து, கடைசியில் மொத்தத்தையும் சுரண்ட வேண்டிவரும். படகு பல மாதம் கரையில் நின்றாலும் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றமாகி வீரியம் குறையும்.

கரையும் வகை, சோப்புக்கட்டி மாதிரி. மேல்தோல் தேயத் தேய அடியிலிருந்து புது மருந்து வெளிப்படும், படலமும் தடிக்காது. ஆனால் டிரெய்லரில் ஏற்றி இறக்கினாலோ மணலில் இழுத்தாலோ அந்த இடம் மொட்டையாகிவிடும். சாதாரண கரையும் பெயின்டுக்கு நீரோட்டம் உரசவும் வேண்டும். மாதக்கணக்கில் கட்டியே கிடக்கும் படகுக்குக் கடல்நீரோடு வினைபுரிந்து தானே கரையும் கோபாலிமர் வகையே சரி.

[திரையில்: குழி விழுந்த அலுமினியத் தகடு]

அலுமினியப் படகுக்காரர்கள் இங்கே கவனிக்கவும். தாமிர ஆக்சைடு பெயின்ட், அலுமினியம், உப்புத்தண்ணீர் மூன்றும் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. அரிபடுவது உங்கள் தகடுதான். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருக்கும் காப்பர் தயோசயனேட் வகையோ தாமிரமே இல்லாத வகையோ வாங்குங்கள். அதற்கும் அடியில், தகட்டை மூடிக் காக்கும் எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு கட்டாயம். ஃபைபர் படகிலும், எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் அலுமினிய டிரைவ் கால் இருந்தால் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலம் பூசாமல் விடுங்கள்.

யாராவது பழைய, டின் எனும் வெள்ளீயம் சேர்ந்த பெயின்ட் ஸ்டாக் இருக்கிறது என்றால் தொடவே வேண்டாம். 2001-இல் ஏற்கப்பட்ட சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடைசெய்தது. 2008 முதல் அமலில் இருக்கிறது.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம்: ஏற்கெனவே இருக்கும் பெயின்ட். ஈரத்துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் தாராளமாக வந்தால் அது கரையும் வகை. அதன்மேல் கடினப் பெயின்ட் அடித்தால் அஸ்திவாரமே கரைந்து மேல்படலம் தகடுதகடாக உரியும். கடினத்தின்மேல் கரையும் வகை அடிக்கலாம், 80 கிரிட் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் போதும். தண்ணீர் ஊற்றியே தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசு விஷம். தேய்த்த கழிவைக் கடலில் விடக்கூடாது.

[திரையில்: நீளம், அகலம், அமிழ்வு குறித்த படம்]

எவ்வளவு வாங்க? மோட்டார் படகுக்கு நீர்மட்ட நீளத்தை, அகலமும் அமிழ்வும் (அடி தண்ணீருக்குள் இறங்கும் ஆழம்) கூட்டியதால் பெருக்குங்கள். 8 மீட்டர் நீளம், 2.8 அகலம், 0.7 அமிழ்வு என்றால் 28 சதுர மீட்டர். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று டப்பா சொன்னால், ஒரு கோட்டுக்கு 2.8 லிட்டர், இரண்டுக்கு 5.6. நீர்மட்டக் கோடு, முன்முனை, சுக்கான் இவற்றுக்கு மூன்றாவது கோட் தேவை என்பதால் ஆறரை லிட்டராவது வாங்குங்கள். கணக்குப்படி வாங்கியதில் பெயின்ட் மிஞ்சினால் மகிழ வேண்டாம், மெல்லிசாக அடித்திருக்கிறீர்கள்.

தாமிரம் கனமானது, டப்பாவின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். அடிவரை கிளறாமல் ஊற்றினால் முதல் பாதியில் வெறும் பிசின்தான் போகும். கைக்கு இழுக்கிறது என்று தின்னரை இஷ்டத்துக்குச் சேர்ப்பதும் அதே தப்பு. முதல் கோட்டை வேறு நிறத்தில் அடியுங்கள். அது தெரிய ஆரம்பித்தால் மேல் கோட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். படகின் உலோகத்துக்குப் பதிலாகத் தாங்கள் அரிபட்டுக் காக்கும் ஜிங்க் கட்டிகள் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, பெயின்ட் மூடினால் அவை வேலை செய்யாது.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு எத்தனை மணி நேரம் பொறுத்து இறக்கலாம், எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்று இரண்டு கெடு டப்பாவிலேயே இருக்கும். முதல் கெடுவுக்கு முன்னால் இறக்கினால் பெயின்ட் கொப்பளிக்கும். இரண்டாவது தாண்டிவிட்டால், லேசாகத் தேய்த்துவிட்டு இன்னொரு கோட் அடித்த பிறகே தண்ணீரில் விடுங்கள்.