பேட்டை இரும்புக் கடையில் சிக்கிய ஓவர்லேண்ட்!

வணக்கம் மக்களே. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். பித்தளை வீல் கப், பழைய காரில் சக்கரத்தின் நடுவில் மாட்டும் மூடி. என்ன எழுதியிருக்கிறது? ஓவர்லேண்ட்!

போன வீடியோவில் அம்பாசமுத்திரத்து வீட்டு வாசலில் கார் நிற்கும் போட்டோவைக் காட்டினேன் இல்லையா? கமெண்டில் அத்தனை பேரும் ஃபோர்டு என்றீர்கள். அந்தச் சக்கரத்தின் நடுவில் இருப்பது இதே கப்தான், அதே வளைவு, அதே எழுத்து. அமெரிக்காவில் டொலிடோ என்ற ஊரில் செய்த கார். 1910களில் அந்த நாட்டில் ஃபோர்டுக்கு அடுத்து அதிகம் விற்றது இந்தக் கம்பெனி. இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

விலையைச் சொல்லியே ஆக வேண்டும். பேட்டையில் பழைய இரும்புக் கடை அண்ணாச்சி எடுத்த எடுப்பில் 2,500 என்றார். "எடைக்குப் போட்டா 200 தேறாதே அண்ணாச்சி" என்றேன். "தம்பி, எடைக்கு வாங்குற ஆளு இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்க மாட்டான்" என்றார். நான் வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். கூப்பிடவில்லை. திரும்பப் போனேன். 1,500, 1,200, கடைசியில் 900. டீ அவர் வாங்கிக் கொடுத்தார். 900 ரூபாய்க்கு ஓவர்லேண்ட் மக்களே! வீட்டில் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் கடைசி எழுத்தே தெரிந்தது.

பழைய கார் என்றால் பாடியைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் பல வண்டிகள் வெறும் சேஸிஸாக, அதாவது மேல்கூடு இல்லாமல் சட்டமும் எஞ்சினும் சக்கரமுமாக வந்து இறங்கின, பாடி இங்கே கட்டினார்கள். முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், அடுத்து வீல் கப். முன்பக்கம் உருண்டையாக இருந்தால் 1926 வரைக்குமான மோரிஸ். பானட் சரிந்து இறங்கி, முன்னால் ரேடியேட்டரே தெரியாவிட்டால் பழைய ரெனால்ட், அதில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும். ஃபோர்டு மாடல் டி என்றால் 1916 வரை பித்தளை ரேடியேட்டர், அப்புறம் கறுப்பு.

ஒன்று விட்டுப்போனது. பாடி கட்டியவர் பெயர் கதவுக்குக் கீழே படியோரத்தில் சின்னத் தகட்டில் இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது முதலில் பிடுங்கி எறிவது அதைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! அந்த ஆசாரிகளுக்கும் கொல்லர்களுக்கும் இருந்த ஒரே சாட்சி அது.

ஒரு ரீல் சுற்றுகிறது, சுதந்திரத்துக்கு முன்னால் இந்தியாவில் யாருமே கார் செய்யவில்லையாம். 1903இல் சென்னை சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் காரையே செய்துவிட்டார். 1840இல் குதிரைச் சேணம் தைக்கத் தொடங்கிய கம்பெனி அது! நம்ம திருக்குறுங்குடிக்காரர் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் டி.வி.எஸ். தொடங்கியது 1911இல், சிம்சன் கார் அதற்கும் எட்டு வருஷம் முன்னால்.

உங்கள் தாத்தா வீட்டு ஆல்பத்தில் கார் போட்டோ இருந்தால் அனுப்புங்கள். சக்கரம் தெரிகிற மாதிரி, ஓரத்தை வெட்டாமல் ஸ்கேன் பண்ணுங்கள். அடுத்த வீடியோவில் தென்காசியிலிருந்து வந்த போட்டோ, அதில் படியோரத் தகடு அப்படியே இருக்கிறது.