காவிரிக்குள் வந்து சேர்ந்த மீன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

'காவிரி மீன்' என்று கூவி விற்கிறார்களே, அந்தக் கூடையில் காவிரிக்கே உரிய மீன் எத்தனை இருக்கும்? மேட்டூரானாலும் பவானிசாகரானாலும் அமராவதியானாலும், கண்ணில் முதலில் படுபவை கட்லா, ரோகு, ஜிலேபி, சாதாக்கெண்டை. இவற்றில் ஒன்றுகூட இந்த ஆற்றில் பிறந்து வளர்ந்த குலமில்லை.

ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியும். கட்லாவும் ரோகுவும் வெளி மீன்கள் என்று சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். "அவை நம் நாட்டு மீன்கள்தானே?" என்பார்கள். நாட்டு மீன்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவை வடக்கே கங்கை போன்ற பேராறுகளின் மீன்கள். நன்னீர் மீனுக்கு அரசியல் எல்லை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அது வாழும் ஆறும் அதன் கிளைகளும்தான். கங்கையில் உள்ள மீன் தானாக நீந்தி காவிரிக்கு வந்துவிட முடியாது. நடுவில் மேடும் இருக்கிறது, உப்புக் கடலும் இருக்கிறது. நாம்தான் கொண்டுவந்து விட்டோம். வெளிநாட்டு மீன் என்றால் ஓரளவு விழித்துக்கொள்ளும் நாம், வேற்று ஆற்று மீன் என்றால் கேள்வியே கேட்பதில்லை. என் கவலை அதில்தான்.

காரணம் சொல்கிறேன். காவிரியில் திமில் மஹசீர் என்று ஒரு மீன் உண்டு. முதுகு புடைத்து, துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். 1946இல் காவிரியின் கிளையான கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை. தூண்டில்காரர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து இதைத் தேடி வந்திருக்கிறார்கள். 1970களில் மஹசீர் இனமே குறைகிறதே என்று கவலைப்பட்டு, மராட்டியத்தின் லோனாவாலாவில் ஒரு பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்துப் பல ஆறுகளில் விட்டார்கள். காவிரியிலும் விட்டார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அவர்கள் பொரித்தது நீலத்துடுப்பு மஹசீர். அது வேறு ஆற்றின் வேறு இனம்.

பின்னாளில், பிடித்த மீனை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடும் தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போயிருந்தது. திமில் மஹசீரிலோ சிறிய மீன்கள் பிடிபடுவது நின்று, வயதான பெரியவை மட்டும் எப்போதாவது சிக்கின. இத்தனை புகழ்பெற்ற மீனுக்கு உரிய அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவி. அதே ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அருகி வருகிறது என்று சொல்லி வளர்த்துவிட்ட நீலத்துடுப்போ, கவலைப்படத் தேவையில்லாத இனம் என்று அதே 2018இல் மறுமதிப்பீடு செய்யப்பட்டது! திமில் மஹசீர் இன்று மோயாறு போன்ற சில இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். டோர் ரெமாதேவியை முதன்முதலில் அறிவியல் பதிவு செய்தது பாம்பாற்றில். மூணாறு மலைப்பக்கம் பிறந்து வரும் அந்த ஆற்றின் தண்ணீர்தான் அமராவதி அணைக்கு வருகிறது. அமராவதி அணையோ ஜிலேபிக்குப் பேர்போனது.

ஜிலேபியைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவுக்கு 1952இல் வந்தது. 1959இலேயே இதைப் பரப்ப வேண்டாம் என்று தடை சொன்னார்கள். அதற்குள் அது பரவிவிட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதால் பிழைப்பவை அதிகம், ஆண்டுக்குப் பல முறை இனப்பெருக்கம் வேறு. நம் கெண்டைகள் பலவும் மழைவெள்ளம் வரும்வரை காத்திருந்து ஒரு முறை முட்டையிடுபவை. போட்டி எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும், ஏழை வீட்டுச் சட்டியில் மலிவாக மீன் விழ வைத்ததும் இதே ஜிலேபிதான். அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

கொசுவை ஒழிக்கவென்று 1928இல் இத்தாலியிலிருந்து வந்த கம்பூசியா மீனின் கதை இன்னும் வேடிக்கை. கொசுப் புழு தின்னும் முண்டக்கண்ணி நம் குளங்களிலேயே இருந்தது. நீருக்கு மேலாக நீந்தும், உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் அந்தச் சின்ன மீனைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மீன் தொட்டியிலிருந்து வருவது புதிய வழி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் கொட்டப்படும் தென் அமெரிக்க சக்கர் மீனின் உடம்பு முழுக்கக் கெட்டித் தகடுகள். வலையைக் கிழிக்கும், கரையைக் குடைந்து வளை தோண்டும், வாங்க ஆள் கிடையாது. வலை போடுபவர்களிடம் கேளுங்கள், திட்டித் தீர்த்துவிடுவார்கள்.

பழியை எல்லாம் வந்த மீன்கள்மேல் போட்டுவிடவும் முடியாது. அணைகள் மறித்ததால் மேலேறி முட்டையிட முடியாமல் போன மீன்களும் உண்டு. ஒரு காலத்தில் மேட்டூரில் குவிந்த கோழிமீன் அப்படித்தான் குறைந்தது. ஓடும் நீரைத் தேக்க நீராக மாற்றியது நாம். அதில் கட்லாவும் ஜிலேபியும் செழித்தன.

இன்றும் அணைகளிலும் ஆறுகளிலும் ஆண்டுதோறும் மீன்குஞ்சு விடுகிறார்கள். அடுத்த முறை உங்கள் ஊர் ஆற்றங்கரையில் அப்படியொரு நிகழ்ச்சி நடந்தால், எத்தனை லட்சம் குஞ்சு என்று மட்டும் கேட்டு வராதீர்கள். எந்த இனம், அதன் தாய்மீன் எந்த ஆற்றில் பிடித்தது என்றும் கேளுங்கள். கருமுழிக் கெண்டை, கோழிமீன் போன்ற காவிரியின் சொந்த மீன்களுக்குப் பொரிப்பகம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.